படம் எடுப்பது நீங்களா, போனா? கொழும்பு வெளிச்சமும் கைபேசிக் கமராவும்

காலிமுகத்திடலில் சூரியன் இறங்கும் நேரம் பார்த்துப் போய் நின்றால், கடலை நோக்கி நீட்டிய கைகளை எண்ணி முடியாது. மறுநாள் அந்தப் படங்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வந்து குவியும்போது ஒன்று கண்ணில் படும். மலிவு போனில் எடுத்ததும் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய போனில் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கும். வானம் தேவைக்கு மேல் செம்மஞ்சள். முகமோ மெழுகு பூசியது போல. நிழல் என்ற ஒன்றே கிடையாது. அங்கே நின்றவர்கள் கண்ணால் கண்ட மாலை அப்படி இருக்கவில்லை.

எடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் படத்தில் அவருடைய பங்கு விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். எவ்வளவு வெளிச்சம், எந்த நிறம், எது நிழல், தோல் எப்படித் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் போனுக்குள் இருக்கும் மென்பொருள் அவரைக் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டது. எடிட்டிங் என்பது படம் எடுத்த பிறகு நடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். கைபேசியில் அது பொத்தானை அழுத்திய கணத்திலேயே நடந்து முடிகிறது. அந்த முடிவுகள் பல வேளைகளில் நல்லவைதான். ஆனால் அவை எங்கோ ஒரு சராசரி வெளிச்சத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கொழும்பின் வெளிச்சம் அந்தச் சராசரிக்குள் அடங்குவதில்லை. எந்த இடத்தில் போனை நம்பலாம், எந்த இடத்தில் அதன் கையிலிருந்து முடிவைப் பறித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவருக்கு, ஐந்து வருடம் பழைய போனே போதும்.

பழைய போன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறியபோது போன் விலையும் கூடவே ஏறியது. அதற்குப் பிறகு இங்கே போன் மாற்றுவது பலருக்கு வீட்டுச் செலவுத் திட்டத்தில் இடம்பிடிக்கும் விசயமாகிவிட்டது. ஆகவே, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் போன்களின் மெகாபிக்சல் கணக்கைப் பார்த்து ஏங்குவதற்கு முன், அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்று பார்ப்போம்.

சாம்சங் 2019இல் 108 மெகாபிக்சல் சென்சரையும் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) 2021இல் 200 மெகாபிக்சல் சென்சரையும் அறிவித்தது. அந்த 200 மெகாபிக்சல் சென்சரில் ஒரு பிக்சலின், அதாவது ஒரு படப் புள்ளியின், அகலம் 0.64 மைக்ரோமீற்றர். அவ்வளவு சிறிய புள்ளியில் விழும் வெளிச்சம் சொற்பம். அதனால் போன் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி ஒரே புள்ளியாக்கிக்கொள்கிறது. 200 மெகாபிக்சல் சென்சர் வழக்கமாகத் தருவது 12.5 மெகாபிக்சல் படம்தான். 50 மெகாபிக்சல் சென்சரும் அதே 12.5ஐத்தான் தருகிறது. முழு 200இலும் எடுக்கும் வசதி மெனுவில் இருக்கும். நண்பகல் வெயிலில் அசையாத கட்டடத்தை எடுப்பதென்றால் அதைப் போட்டுப் பார்க்கலாம். மற்ற நேரங்களில் போனின் நினைவகம் நிறைவதைத் தவிரப் பெரிதாக எதுவும் நடக்காது.

உண்மையில் கணக்கில் வர வேண்டியது சென்சரின் பரப்பு. கலியாண வீட்டுக்கு வரும் கமராக்காரர் தூக்கிக்கொண்டு திரியும் முழுச்சட்டகக் கமராவில் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். பல வருடங்களாகப் போன்களில் பரவலாக இருந்த சென்சரோ ஏறக்குறைய 5.6க்கு 4.2 மில்லிமீற்றர். பரப்பில் ஏறக்குறைய 37 மடங்கு வித்தியாசம். அத்தனை குறைவான வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒழுங்கான படம் வருவதே ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தைச் செய்வது கணக்கு.

கூகுள் 2013இல் தன் நெக்ஸஸ் போன்களில் கொண்டுவந்த எச்டிஆர் பிளஸ் முறையின் அடிப்படை இதுதான்: ஒரு படத்தை எடுக்காதே, வேண்டுமென்றே சற்று இருட்டாகப் பல படங்களை அடுத்தடுத்து எடு, அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர். இருட்டாக எடுப்பதால் வானம் வெளுத்துப் போகாது. பலவற்றைச் சேர்ப்பதால் நிழலில் தெரியும் புள்ளிபுள்ளியான இரைச்சல் குறையும். ஒன்பது படங்களைச் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறையும் என்பது எளிய புள்ளியியல். இன்று ஐபோனிலிருந்து மலிவு அன்ட்ரொய்ட் வரை எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் செய்கின்றன. நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கமரா சில படங்களை நினைவில் பிடித்து வைத்திருக்கும்.

சேர்த்த பிறகுதான் வம்பு தொடங்குகிறது. நிழலை எவ்வளவு தூக்குவது (அதாவது வெளிச்சமாக்குவது), வானத்தை எவ்வளவு அடக்குவது, தோலை எவ்வளவு மழுப்புவது, விளிம்புகளை எவ்வளவு கூராக்குவது என்று ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு ரசனை உண்டு. விற்பனைக்கு உதவும் ரசனை பெரும்பாலும் ஒன்றே: எல்லாம் தெரிய வேண்டும், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். மாலையின் அழகே பாதி தெரியாமல் போவதில்தான் என்று நினைப்பவருக்கு அந்த ரசனை உதவாது.

உச்சி வெயிலும் அவசர மாலையும்

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 7, 8 வாக்கிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முந்தித்தான் அது நடக்கிறது. கோவிலுக்குப் போய் வந்து, புது உடுப்போடு குடும்பமாக முற்றத்தில் நின்று படம் எடுக்கும் நேரம் பதினொரு மணி, பன்னிரண்டு மணி. வருடத்திலேயே முகத்துக்கு மிகவும் கெட்ட வெளிச்சம் அதுதான். கண் குழியில் கறுப்பு, மூக்கின் கீழ் கறுப்பு, நெற்றியில் வியர்வையோடு வெள்ளைத் திட்டு. அந்த நாட்களில் காலை ஒன்பதரைக்கே சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறிவிடும். போன் என்ன செய்யும்? அந்தக் கறுப்பைத் தூக்கி நரையாக்கும். நிழல் மறையாது, அழுக்காகத் தெரியும்.

இதற்கு எடிட்டிங்கில் மருந்து தேட வேண்டாம். நாலு அடி நகர்ந்தால் போதும். விறாந்தையின் விளிம்பு, மாமர நிழலின் ஓரம், புறக்கோட்டைப் பழைய கடைகளின் முன்தாழ்வாரம் என்று, தலைக்கு மேல் ஏதாவது மறைத்து முன்னால் வானம் திறந்திருக்கும் இடமெல்லாம் படத்துக்கு உகந்த இடம். ஆள் நிழலுக்குள் நிற்க வேண்டும், முகம் வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெயில் விழுந்த சீமெந்துத் தரையிலிருந்து மேலெழும் வெளிச்சம் கண்ணுக்குள் ஒரு பொட்டு மினுக்கத்தைக் கொடுக்கும். என் கணிப்பில் கொழும்பின் மிகச் சிறந்த படப்பிடிப்பு நிலையம் ஓட்டோதான். மேலே கூரை, இரண்டு பக்கமும் திறப்பு, பின்னணியில் இருட்டு. பின் இருக்கையில் இருப்பவரை வெளியே நின்று பக்கவாட்டில் எடுத்துப் பாருங்கள்.

புறக்கோட்டைச் சந்தையில் ஒரு எச்சரிக்கை. கடைகளுக்கு மேல் கட்டியிருக்கும் நீலப் படங்குகளின் கீழ் நின்றால் தக்காளி ஊதா, முகம் நீலம். வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிவதை, தானாகச் சரிசெய்ய கமரா முயலும். ஆனால் ஒரே படச்சட்டத்துக்குள் நீலப் படங்கின் வெளிச்சமும் வெளியே வெயிலும் சேர்ந்து இருந்தால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெடும். இரண்டில் ஒன்றைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவதே வழி.

இனி மாலை. சூரியன் மறைவதற்கு முந்திய பொன் வெளிச்சத்தை ஆங்கிலக் கையேடுகள் ஒரு மணி நேரம் என்று சொல்லும். அந்தக் கணக்கு வடக்கே குளிர்நாடுகளில் இருந்து வந்தது. அங்கே சூரியன் சரிவாக, ஆறுதலாக இறங்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் அடிவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்திலிருந்து மறைவதற்கு 50 நிமிடம் வரை எடுக்கும். கொழும்பில் சூரியன் ஏறக்குறைய நேர்கீழாக விழுகிறது. அதே 6 பாகையை 25 நிமிடத்தில் கடந்துவிடும். மறைந்த பிறகு வானத்தில் நீலம் நிற்பதும் இருபது நிமிடம் சொச்சம்தான். நவம்பரில் 5.50 வாக்கிலும் ஜூலையில் 6.30 வாக்கிலும் சூரியன் மறையும். அதற்கு நாற்பது நிமிடம் முந்திப் போய் இடம் பார்த்து நிற்காதவருக்கு, இறால் வடை வாங்கி முடியும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

போய் நின்றபின் செய்ய வேண்டியது, தயவுசெய்து ஒருமுறை கடலுக்கு முதுகு காட்டித் திரும்பிப் பார்ப்பது. கொழும்பின் கரை மேற்கைப் பார்த்தது. சூரியனுக்கு எதிரே ஆளை நிறுத்தி எடுத்தால் முகம் இருட்டாகும், போன் அதைத் தூக்கும், தொடக்கத்தில் சொன்ன அந்த மெழுகு முகம் வரும். ஆனால் அதே வெளிச்சம் திடலின் பக்கம் நேராக விழுந்துகொண்டிருக்கிறது. பட்டம் விடும் பிள்ளைகள், வடைத் தட்டு, 1864இல் எழுந்த காலிமுகத்திடல் ஹோட்டலின் முகப்பு எல்லாம் தேன் நிறத்தில் இருக்கும். திடலைப் பார்த்து எடுப்பவர்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்கு விளங்காத புதிர். சூரியனும் ஆளும் ஒரே படத்தில் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், வானத்தின் பிரகாசமான பகுதியைத் திரையில் தொடுங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். ஆள் கருநிழலாகட்டும். எல்லாம் தெரிய வேண்டும் என்ற போனின் ஆசையை மறுக்கும் முதல் பயிற்சி இது.

இந்தத் தொட்டு இழுக்கும் வசதி ஏறக்குறைய எல்லாப் போனிலும் இருக்கிறது. ஒரேயொரு விசயத்தைக் கற்றுக்கொள்ளத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

மழைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். மேயிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியோடு மழை. மேகம் மூடிய வானம் முகத்துக்கு மிக நல்லது. மழை ஓய்ந்த கையோடு ஈரத் தெருவில் கடை விளக்குகள் விழும் நேரம் இன்னும் நல்லது. ஆனால் ஏசி போட்ட பஸ்ஸிலிருந்தோ கந்தோரிலிருந்தோ இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். போன் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டியதுதான். கடற்கரையில் உப்புக் காற்று, மற்ற இடங்களில் விரல் எண்ணெய். இரவு விளக்குகளிலிருந்து நீண்ட கோடுகள் கிளம்பும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த அழுக்குத்தான். பழைய பனியன் துணி போதும்.

மாநிறம் எங்கே போகிறது?

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது. கமரா வெளிச்சத்தை அளக்கும்போது, காட்சியைச் சராசரியாக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் வரும் என்ற ஊகத்தில் தொடங்குகிறது. வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கும் கறுத்த முகம் அதனால் இன்னும் கறுக்கும். இருட்டான பின்னணியில் அதே முகம் வெளிறிப் போகும். இது எந்தத் தோலுக்கும் நடக்கும், ஆனால் கறுத்த தோலில்தான் அதிகம் உறுத்தும். படச்சுருள் காலத்தில் கோடக் கம்பனி அச்சுக் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைப் பெண் ஒருவரின் படமே இருந்தது. சரியான தோல் என்பதற்கு அளவுகோல் அந்த முகம். கூகுள் 2021இல் பிக்சல் 6 போனோடு ரியல் டோன் என்ற பெயரில் கறுத்த தோல்களுக்காகக் கமராவைத் திருத்தியதும், 2022இல் பத்து தோல் நிறப் படிகள் கொண்ட மொங்க் அளவுகோலை வெளியிட்டதும் அந்த நீண்ட கோணலைச் சற்று நிமிர்த்தும் முயற்சிகள்.

அதே காலத்தில் எதிர்த்திசையில் ஓடுவதும் போன்கள்தான். செல்ஃபிக் கமராவில் அழகுபடுத்தும் வசதியைப் பல போன்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே போட்டுத்தான் தருகின்றன. தோலை மழுப்பி, வெளிறச் செய்து, சிலவற்றில் தாடையையும் ஒடுக்கும். நம்மவர்களில் பலருக்கு அது பிடித்தும் விடுகிறது. பிடித்ததற்கான காரணம் போனில் இல்லை, கலியாணத் தரகர் வாயில் இருக்கிறது. கலியாண அல்பங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே மாவு நிறத்தில் இருப்பதை வெள்ளவத்தையிலும் பார்க்கலாம், யாழ்ப்பாணத்திலும் பார்க்கலாம். கமராக்காரரைக் கேட்டால் சனம் கேட்பதைத்தான் செய்கிறோம் என்பார். அதுவும் பொய்யில்லை.

போனில் முதலில் செய்ய வேண்டியது அமைப்புக்குள் போய் அந்த அழகுபடுத்தலைப் பூச்சியத்துக்கு இறக்குவது. பிறகு எடுக்கும்போது முகத்தைத் தொட்டு, முகத்துக்கே வெளிச்சத்தைச் சரிசெய்வது. கறுத்த தோலின் அழகு அதில் விழும் மினுக்கத்தில் இருக்கிறது. கன்ன எலும்பில், நெற்றி விளிம்பில் ஒரு பக்க வெளிச்சம் விழுந்தால் முகம் உருவெடுக்கும். சாளரத்துக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். போனில் உள்ள பிளாஷை நேரே அடித்தால் அந்த உருவம் தட்டையாகிவிடும். இரண்டு பேர், ஒருவர் சிவந்தவர், ஒருவர் கறுத்தவர் என்றால் கறுத்தவரை வெளிச்சத்துக்குக் கிட்ட நிறுத்துங்கள். ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் காலத்திலேயே செய்தது இது.

கிட்டப் போய் முகத்தை எடுப்பதும் வேண்டாம். போனின் பிரதான லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. ஒரு முழத் தூரத்தில் அதை நீட்டினால் மூக்குப் பெருக்கும், காது பின்னால் ஓடும். இரண்டு மூன்று எட்டுப் பின்னே வந்து இரண்டு மடங்கு ஸூமில் எடுத்தால் முகம் தன் அளவுக்கு வரும்.

கூறைச் சேலைக்கும் ஒரு சொல். கடும் சிவப்பில் சரிகை ஓடிய கூறையை மண்டப விளக்கில் எடுத்தால் சேலை முழுவதும் ஒரே சிவப்புத் திட்டாகி, நெசவு காணாமல் போகும். சென்சரின் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிவதால் வருவது இது. மற்ற நிறங்கள் சரியாக இருப்பதால் திரையில் பார்க்கும்போது தவறு உடனே தெரியாது. வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். பிறகு எடிட் செய்யும்போது நிறச்செறிவை ஏற்றாதீர்கள், முடிந்தால் சிவப்பை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். மாறாக, மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டத்தை நிறைத்தால் போன் அதைச் சாம்பலாக்கும். அங்கே சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும்.

இரவு, விளக்கு, கூட்டம்

2018 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் போன்களுக்குக் கொடுத்த நைட் சைட் என்ற இரவு முறை, கையில் பிடித்தபடியே 15 படங்கள் வரை எடுத்துச் சேர்க்கும். போனை அசையாமல் எங்காவது சாய்த்து வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விநாடி வரை திறந்திருக்கும். மற்றக் கம்பனிகளும் சீக்கிரமே தொடர்ந்தன. ஆகவே இரவில் ஒரு சுவரோ தூணோ கிடைத்தால் போனை அதில் ஊன்றுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பேர வாவிக் கரையிலிருந்து தாமரைக் கோபுரத்தை எடுப்பதற்கு இது அருமையான வழி. கோபுரம் அசையாது.

கூட்டம் அசையும். ஆடிவேல் ரதம், கோவில் வீதியுலா, புறக்கோட்டை இரவுக் கடை என்று எங்கும் ஆட்கள் பேயுருவாகக் கலங்குவார்கள். அங்கே இரவு முறையை அணைத்துவிட்டு, விளக்குக்குக் கிட்டப் போய் எடுப்பதே மேல். தீபம், கற்பூரம் இருந்தால் சுடரைத் தொட்டு வெளிச்சத்தை இறக்குங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

வெசாக் தோரணம் வேறு கதை. ஆயிரக்கணக்கான பல்புகள் வரிசை மாறி மாறி எரிந்து அணைந்து ஓடுவதுதான் தோரணத்தின் உயிர். இரவு முறை பல விநாடிகளின் வெளிச்சத்தை ஒன்றாக்குவதால் எல்லாப் பல்புகளும் ஒரே நேரத்தில் எரிந்தது மாதிரி ஒரு பொய்ப் படம் வரும். சாதாரண முறையில், வெளிச்சத்தைக் குறைத்து, ஐந்தாறு படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றில் வடிவம் விழுந்ததைத் தெரிவு செய்யுங்கள்.

மண்டபத்திலும் கடையிலும் சில படங்களில் கறுப்புப் பட்டைகள் கிடையாக ஓடும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே மலிவு எல்ஈடி விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். சென்சர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் அந்தத் துடிப்பு பட்டையாகப் பதிகிறது. கைமுறை அமைப்பு உள்ள போனில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் மறைந்துவிடும். வீடியோ என்றால் விநாடிக்கு 30 சட்டங்களில் எடுக்காமல் 25இல் எடுங்கள்.

எங்கே எடுக்கலாம் என்பதும் பேச வேண்டியது. போர்க்காலத்தில் கொழும்புத் தெருவில் கமராவோடு நிற்பதற்குத் தமிழர்கள் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று போன் எல்லோர் கையிலும் இருப்பதால் அந்தத் தயக்கம் இளையவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் இராணுவ முகாம், துறைமுக வாயில், சோதனைச் சாவடி ஆகியவற்றின் பக்கம் போனைத் திருப்பாதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுப்பது இங்கே பெரிய அவமதிப்பாகக் கருதப்படும். கோவில்களில் உள்வீதிக்குள் எடுக்கலாமா என்று குருக்களையோ அலுவலகத்தையோ ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தையில் மூட்டை தூக்குபவரிடமும் அப்படியே. கேட்டால் ஆள் விறைத்து நிற்பார் என்பது உண்மை. கேட்ட பிறகு பத்து நிமிடம் அங்கேயே சும்மா நின்றால் அவர் உங்களை மறந்து வேலையைப் பார்ப்பார்.

எடிட்டிங்: போன் செய்ததைக் கொஞ்சம் அவிழ்ப்பது

படத்தைத் திருத்துவது ஏமாற்று என்று நினைப்பவர்களுக்குக் கில்ஃபோர்ட் கிரசென்டில் உள்ள லயனல் வென்ட் கலை மண்டபத்தின் பெயருக்குரியவரைக் காட்டலாம். 1900 முதல் 1944 வரை வாழ்ந்த புகைப்படக் கலைஞர் வென்ட் இருட்டறையில் படத்தைப் பாதியில் வெளிச்சத்துக்குக் காட்டி கறுப்பையும் வெள்ளையையும் புரட்டினார், பல படங்களை ஒட்டி ஒன்றாக்கினார். கொழும்பில் எடிட்டிங்குக்கு அவ்வளவு வயது இருக்கிறது. அவருக்கும் நமக்கும் வித்தியாசம், அவருடைய படச்சுருள் அவருக்கு முந்தி எந்த முடிவையும் எடுத்து வைக்கவில்லை என்பதே. நம்முடையது எடுத்து வைத்துவிடுகிறது. ஆகவே கைபேசிப் படத்தைத் திருத்தும்போது முக்கால்வாசி வேலை சேர்ப்பது அல்ல, குறைப்பது.

இரண்டு செயலிகள் போதும். ஸ்னப்சீட் இலவசம். 2011இல் ஐபாடுக்கு வந்தது, அடுத்த வருடம் அதை உருவாக்கிய கம்பனியை கூகுள் வாங்கியது. லைட்ரூமின் அடிப்படைக் கருவிகளுக்கும் காசு தேவையில்லை. போனோடு வரும் எடிட்டரே இப்போது பலருக்குப் போதுமானது. பில்டர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் போட்டதைப் போட்டால் எல்லோருடையதும் போலத்தான் இருக்கும்.

முதலில் நேராக்குங்கள். கடல்மட்டம் ஒரு பாகை சரிந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்று சிவப்புப் பள்ளிவாசலை அண்ணாந்து எடுத்தால் 1909இல் கட்டி முடித்த மினாரெட்டுகள் பின்னே சாய்வது போலத் தெரியும். தோற்றக்கோணக் கருவியால் நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும். அதற்காக எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். போன் தூக்கிவிட்ட நிழலைத் திரும்பக் கொஞ்சம் கீழே விடுங்கள். கறுப்பு என்று ஒன்று படத்தில் இருக்கட்டும். வானத்தின் பிரகாசத்தை அளவோடு இறக்குங்கள், மேகத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். கட்டமைப்பு, தெளிவு, கூர்மை என்ற பெயரில் இருக்கும் சறுக்கிகளைத் தொடாமல் விடுவதே நல்லது. போன் ஏற்கெனவே போதுமான அளவு கூராக்கிவிட்டது. வயதானவர்களின் முகத்தில் அதை ஏற்றினால் அவர்கள் வீட்டுக்கு நீங்கள் திரும்பப் போக முடியாது.

நிறத்தில் கவனிக்க வேண்டியது பச்சை. விகாரமகாதேவி பூங்காவின் புல்லைப் போன்கள் பிளாஸ்டிக் பச்சையாக்கும். பச்சையின் செறிவை மட்டும் தனியாக இறக்கி, கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளினால் புல் புல்லாகும். முகம் மட்டும் இருட்டாக இருந்தால் முழுப் படத்தையும் வெளிறச் செய்யாமல், ஸ்னப்சீட்டின் தெரிவுக் கருவியால் முகத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்து ஏற்றுங்கள். வெயிலில் நின்று, திரையை முழுப் பிரகாசத்தில் வைத்துத் திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருட்டாக இருக்கும். இரவில் திரையை மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு முறையையும் அணைத்துவிட்டுத்தான் நிறத்தில் கை வைக்க வேண்டும்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புபவருக்கு, சென்சர் பிடித்ததைப் பெரிதாகத் திருத்தாமல் சேமிக்கும் ரோ கோப்பு இருக்கிறது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 12 பிட் ரோவில் 4096. அதனால் வெளுத்த வானத்தையும் கறுத்த நிழலையும் மீட்க இடம் கூட. ஆனால் சில போன்களின் ரோவில் பல படங்களைச் சேர்க்கும் வேலை நடந்திருக்காது. அப்படிப்பட்ட ரோ இரவில் ஜேபெக்கை விட மோசமாகவும் வரலாம். பகலில், வெளிச்ச வேறுபாடு கடுமையான இடங்களில் பயன்படுத்திப் பாருங்கள்.

அழிக்கும் கருவி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. கோபுரத்துக்குக் குறுக்கே ஓடும் மின்கம்பிகள் கொழும்பில் படம் எடுப்பவரின் நிரந்தரத் தலைவலி, அதனால் சோதனை பெரியது. வீட்டு அல்பத்துக்கு என்றால் அழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. செய்தியாக, ஆவணமாகப் போகும் படத்தில் ஒரு கம்பியையும் தொடக்கூடாது. 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே கலங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனால் எடுத்தபோது, போன் அதில் இல்லாத குழிகளையும் வரைந்து காட்டியது பெரிய விவாதமானது. கடும் ஸூமில் இன்றைய போன்கள் கண்டதோடு தெரிந்ததையும் கலந்துதான் தருகின்றன. தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்தைச் சான்றாகக் காட்ட வேண்டி வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியில், இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தை நாம் வட்ஸ்அப்பில் போட்டு நசுக்குகிறோம். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் வாக்கில் சுருங்கிவிடும். 2023 ஓகஸ்டில் வந்த எச்டி தெரிவு பரவாயில்லை. முழுத்தரத்தில் போக வேண்டுமென்றால் கோப்பாக இணைத்து அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் ஆள்கூறும் கூடவே போகும் என்பதால், வீட்டில் எடுத்த பிள்ளைகளின் படங்களைத் தெரியாதவர்களுக்கு அப்படி அனுப்பாதீர்கள்.

இந்த வித்தியாசம் உறைப்பது அச்சடிக்கும்போதுதான். 12 மெகாபிக்சல் மூலப் படத்தைத் தரம் கெடாமல் 13க்கு 10 அங்குலம் வரை அச்சிடலாம். வட்ஸ்அப்பில் வந்ததை 5 அங்குலத்துக்கு மேல் இழுக்க முடியாது. அம்மம்மாவின் அந்தியேட்டிக் கல்வெட்டுக்கும் மண்டப வாசல் பதாகைக்கும் படம் தேடும்போது குடும்பக் குழுவில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சுருங்கிய பிரதிதான், மூலம் எப்போதோ உடைந்துபோன ஒரு போனில் இருந்திருக்கும். கூகுள் போட்டோஸில் 2021 ஜூனுக்குப் பிறகு இலவசம் 15 ஜிபி வரைதான், அதையும் மின்னஞ்சலோடு பங்கிட வேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை நல்ல படங்களை மட்டும் பொறுக்கி, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் கணினியிலும் மூலக் கோப்பாகவே போட்டு வையுங்கள்.